படிகாரத் தண்ணீர்

படிகாரம் இல்லாத வீடு எங்கள் குவார்ட்டர்ஸில் கிடையாது. ஐப்பசி பிறந்துவிட்டால் குழாயில் வருகிற தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி இருக்கும். ஒரு துண்டை எடுத்து அண்டாவில் நாலு சுற்று சுற்றிவிட்டால் அரைமணியில் கசடெல்லாம் அடியில் தங்கிவிடும். சவரத்தில் கன்னம் கீறினால் ஆண்கள் அதைத்தான் தேய்த்துக்கொள்வார்கள். பட்டாபிராம் கடைகளில் கறுப்புக் கயிற்றில் கட்டித் திருஷ்டிக்குத் தொங்கவிட்டிருப்பதும் அதேதான். மலிவான பொருள், நல்ல பொருள்.

அதனால்தான் பக்கத்து வீட்டுத் தாயம்மா உங்கள் வார்டுக்கு வந்தபோது அதைப் பெருமையாகச் சொன்னாள். "தெனம் புண்ண படிகாரத் தண்ணில கய்வி எவ்ளோ சுத்தமா வச்சிக்குது தெரியுமா டாக்டரம்மா? எங்க பார்வதத்து மாறி ஊட்டுக்காரன பாத்துக்க ஒரு ஆளு கிடையாது" என்றாள். அவளுக்கு என்மேல் நிஜமாகவே பிரியம். என்னை மாட்டிவிட வேண்டும் என்று நினைத்திருந்தால்கூட அவளால் இவ்வளவு சரியாகச் செய்திருக்க முடியாது.

நேற்று மத்தியானம் என்னைத் தனியாகக் கூப்பிட்டீர்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மெதுவாகச் சொன்னீர்கள். "படிகாரம் சதையைச் சுருக்கும் பார்வதம். தோல் ஒட்டின இடத்துல அதை ஊத்தலாமா? போகட்டும், தெரியாம செஞ்சிட்டீங்க. அழாதீங்க." நான் அழவில்லை. டீ சூடாக இருந்தது, கண்ணில் ஆவி பட்டது. உங்களுக்கு நல்ல மனது. ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு. அதைத் திருத்தாமல் விட எனக்கு மனம் வரவில்லை. நான் பூந்தமல்லியில் படித்து எஸ்.எஸ்.எல்.சி.யை முதல் தடவையிலேயே தேறியவள். அதனால் எழுதியே தந்துவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் கண் போன விபத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நீங்கள் இனி என்னைப் பற்றி என்னென்னவோ யோசிப்பீர்கள், அதையும் என் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம்.

என் வீட்டுக்காரரை நீங்கள் ஒற்றைக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு கண்ணோடு பார்த்திருக்க வேண்டும். பாஸ்கரன் என்றால் ஆவடிப் பக்கம் தொழிற்சாலைக் குடும்பங்களில் தெரியாதவர்கள் இல்லை. கடைசல் இயந்திரத்தில் அவர் சாதாரண ஆள்தான். ஆனால் ஆண்டுவிழா நாடகத்தில் அவர்தான் கதாநாயகன். வீட்டில் "இன்னா கொழம்பு?" என்று கேட்கிற மனிதர், மேடை ஏறிவிட்டால் "என் உயிரே, எங்கே இருந்தாய் இத்தனை காலம்?" என்பார். ஒரு எழுத்துப் பிசகாது. பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள்.

வசனம்கூட எனக்குப் பெரிதில்லை. பார்வைதான். எண்பத்தைந்தில் போட்ட நாடகத்தில் ஒரு காட்சி. பட்டாளத்திலிருந்து திரும்பி வருகிறவர் வாசலில் நிற்கிற கதாநாயகியைப் பார்க்கிறார். பேச்சே இல்லை, பார்க்க மட்டும்தான் வேண்டும். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து மனதுக்குள் எண்ணினேன். பதினொன்று எண்ணுகிற வரைக்கும் பார்த்தார். பின்னால் விசில் பறந்தது. என் பக்கத்தில் இருந்த பொம்பளை, "ஊட்லயும் இப்டித்தான் பாப்பாரா?" என்று என் தொடையில் இடித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டில் என்னைப் பார்க்கவே மாட்டார் என்று சொல்லவில்லை. பார்ப்பார். கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி, ரேஷன் கார்டைப் பார்க்கிற மாதிரி. நாடகம் முடிந்த மறுவாரம் அந்தக் கதாநாயகி கட்டியிருந்த அதே மாதிரி மாம்பழ மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு நானும் வாசலில் நின்று பார்த்தேன். சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தவர் என் நெற்றியைத் தொட்டார். "இன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? வெளிய நிக்கிற?" என்றார்.

கதாநாயகி சுசீலா. அம்பத்தூர்க்காரி. தொழில்முறை நடிகை, இந்த மாதிரி நாடக மன்றங்களுக்குச் சம்பளத்துக்கு வந்து நடித்துவிட்டுப் போகிறவள். மேடையை விட்டு இறங்கினால் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். எல்லார் எதிரிலும் அப்படிக் கூப்பிடுவாள். எவ்வளவு முன்ஜாக்கிரதை பாருங்கள்.

எனக்குப் பொறாமை. அதில் மூடிமறைக்க ஒன்றுமில்லை. ஒத்திகை நடக்கிற இரண்டு மாதமும் எனக்குச் சோறு இறங்காது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அது உங்கள் காகிதத்திலேயே இருக்கிறது. அதற்காகக் கோயில் குளம் என்று மற்றவர்கள் என்னை இழுத்தபோது நான் பின்னால்தான் நின்றேன். வீட்டுக்கு இன்னொரு முகம் வந்தால் அவர் அதையும்தானே பார்ப்பார்.

எண்பத்தாறு பங்குனியில் அது நடந்தது. பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வியர்வையைத் துடைத்திருக்கிறார். அந்த ஒரு நிமிஷத்தில் இரும்புத் துண்டு தெறித்து வலது கண்ணில் ஏறிவிட்டது. காப்பாற்ற முடியாது, விட்டுவைத்தால் நல்ல கண்ணையும் கெடுத்துவிடும் என்று எடுத்துவிட்டார்கள். அப்போது காட்டியது வேறு ஆஸ்பத்திரி. நான் அன்றைக்குப் பட்ட பாடு நிஜம். எடுத்த கண்ணைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு எங்கோ கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டபோது, அதை யார் பார்ப்பார்களோ என்று நினைத்து அழுதேன்.

பிறகு வீட்டுக்கு வந்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தச் சித்திரையும் வைகாசியும்தான் என் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். அவர் எங்கும் போகவில்லை. காலையில் குளித்துவிட்டுச் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக் காட்டுவார். ஜன்னல் வெளிச்சத்தில் நான் கட்டைப் பிரிப்பேன். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைப்பேன், களிம்பு வைப்பேன். கண் எடுத்த பள்ளம் சுருங்கிவிடாமல் இருக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஓடு வைத்திருந்தார்கள், சிப்பி அளவுக்கு இருக்கும். அதை வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கழுவி உடனே திரும்ப வைத்துவிட வேண்டும். "ஒரு நாள்கூட வெளிய இருக்கக் கூடாதும்மா. செயற்கைக் கண்ணு வைக்கிற எடத்தை அதுதான் புடிச்சு வச்சிருக்குது" என்று நர்ஸ் அன்னம்மாள் என்னிடம் மூன்று தடவை சொன்னார். வீட்டுக்காரரிடம் சொல்லிப் பயனில்லை. அவர் அந்தப் பக்கமே கையைக் கொண்டுபோக மாட்டார். கண்ணாடியில் முகம் பார்ப்பதை நிறுத்திவிட்டார், நான்தான் சவரம் செய்துவிட்டேன். எது உள்ளே இருக்கிறது, எது இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரே ஒரு குறை. நான் கட்டைப் பிரிக்க ஆரம்பித்ததும் நல்ல கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். புதுக் கட்டுப் போட்டு முடிச்சுப் போட்ட பிறகுதான் திறப்பார். என் முகம் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். ஒரு நாளும் பார்த்ததில்லை. அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கூட என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் நான் என்ன நினைப்பது?

ஆறு வாரம் கழித்து, பூந்தமல்லியில் உஸ்மான் கனி என்கிறவரிடம் போகச் சொன்னார்கள். பல்செட் செய்கிறவர். அதே பொருளில் கண்ணும் செய்வார். கடையில் கண்ணாடிப் பெட்டி நிறையப் பல்வரிசை சிரித்துக்கொண்டிருக்கும், ஓரத்தில் நாலைந்து கண்கள் பஞ்சில் கிடக்கும். ரெடிமேட் கண் வேண்டாம், இவருக்கென்றே பார்த்துச் செய்கிறேன் என்றார். மெழுகு வைத்து அளவெடுத்தார். நல்ல கண்ணைப் பார்த்து அதே நிறத்தைத் தீட்ட வேண்டும். மெல்லிய தூரிகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கண்ண அலைய உடாதீங்க அண்ணாத்தே, ஒரே எடத்த பாக்கணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஊட்டுக்காரம்மா, நீங்க இப்டி வந்து எதிர்ல குந்துங்க. அண்ணாத்தே, அவுங்களயே பாத்துகினு இருங்க" என்றார்.

டாக்டரம்மா, ஒன்றரை மணி நேரம் அவர் என்னைப் பார்த்தார். வலப்பக்கம் கட்டுப் போட்டிருந்தது. இடது கண் ஒன்றுதான். அசையாமல் என் முகத்திலேயே இருந்தது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று என்ன, ஐயாயிரம் எண்ணியிருப்பேன். அந்தக் கண்ணில் இருந்த பழுப்பு, ஓரத்துச் செவ்வரி, நடுவில் சின்னதாக நான். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக எட்டு வருஷம் காத்திருந்தேன் என்று சொன்னால் உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தீட்டி முடித்ததும் உஸ்மான் கனி அதை உள்ளங்கையில் வைத்து என் முன்னால் நீட்டினார். "பாருங்கம்மா, உங்களயே பாக்குறாப்ல கீதா?" பார்த்தது. அவர் பார்த்த அதே பார்வை. வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அதற்குள் பல்செட்டுக்காக நாகம்மாள் என்று ஒருத்தி உள்ளே வந்தாள், முன்பல் இரண்டும் இல்லாதவள். உஸ்மான் கனிக்குத் தன் வேலையில் பெருமை. கையை அப்படியே அவள் பக்கம் திருப்பி, "பாரு, இப்ப உன்னப் பாக்குது" என்றார். அவள் பொக்கை வாயைப் பொத்திக்கொண்டு வெட்கப்பட்டாள்.

அங்கேதான் எனக்கு எல்லாம் விளங்கியது. என்னைப் பார்த்துச் செய்த கண். அதை அவருக்கு வைத்துவிட்டால் அது தெருவில் போகிறவள், பஸ்ஸில் எதிரே உட்காருகிறவள், சுசீலா, எல்லாரையும் அப்படியேதான் பார்க்கும். மூடித் திறக்கிற கண்ணாவது களைத்துப்போகும். இது களைக்காது.

மெருகு போட்டு ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்ன உஸ்மான் கனி, தன் அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போனவர் ஒன்றரை மாதம் கழித்துத்தான் திரும்பினார். அவர் போன நாலாம் நாள் துடைக்கும்போது ஓடு தானாகவே நழுவி என் கையில் விழுந்தது. சத்தியமாக நான் இழுக்கவில்லை. கழுவினேன். திரும்ப வைக்கக் கையைக் கொண்டுபோனேன். அவர் கண்ணை இறுக்க மூடியபடி உட்கார்ந்திருந்தார். ஓட்டைத் திரும்ப வைக்காமல் ஏலக்காய் டப்பாவில் போட்டுவிட்டுப் பள்ளத்தில் பஞ்சை வைத்துக் கட்டினேன். அன்றைக்கு ஒரு நாள் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

"உள்ள ஒரு மாறி லேசா கீது" என்றார். "கொஞ்சம் ஆறட்டும்னு எடுத்து வைக்கச் சொல்லியிருக்காங்க" என்றேன். "சரி" என்றார். டாக்டரம்மா, அவர் என்னை எதிர்த்துக் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. அந்தச் "சரி"க்குப் பிறகு ஒன்றரை மாதம் அது டப்பாவில்தான் இருந்தது.

உஸ்மான் கனி கண்ணைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். மேல் இமைக்குக் கீழே நுழைத்தால் கீழே தள்ளிக்கொண்டு வந்தது. "உள்ள எடமே இல்லியே அண்ணாத்தே. ஓடு போட்டுகினுதான இருந்தீங்க?" என்று கேட்டார். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவரும் ஆமாம் என்றார். கண் வைக்க முடியாமல் போனது இதுதான் முதல் தடவை.

செய்த கண்ணைத் தூக்கிப்போட மனம் வருமா? வாங்கி வந்து பஞ்சில் சுற்றி அதே ஏலக்காய் டப்பாவில் வைத்தேன். மத்தியானம் வேலை ஓய்ந்ததும் எடுத்துப் பார்ப்பேன். அதுவும் பார்க்கும். என் சிநேகிதி என்று சொல்லிக்கொள்ள ஒருத்தி இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன், அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று.

ஒற்றைக் கண்ணோடு அவருக்குத் தொழிற்சாலையில் சாமான் கிடங்கில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். போவார், வருவார். மன்றத்துப் பக்கம் போகவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடிக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு வருஷம் அப்படி ஓடியது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

எண்பத்தெட்டில்தான் கண்ணை எடுத்த அந்த ஆஸ்பத்திரியில் சுருங்கிய பள்ளத்தை வெட்டிப் பெரிதாக்கலாம் என்றார்கள். கீழ் உதட்டின் உட்புறத்தில் இருந்து தோலை உரித்து எடுத்து உள்ளே வைத்து ஒட்டி, பெரிய ஓடு ஒன்றை வைத்து, இமை இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். பதினைந்து நாள் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. ஆற்றின கஞ்சியைக் கரண்டியால் ஊற்றினேன். உப்புப் பட்டால் துடிப்பார், அதனால் நானும் உப்பில்லாமல்தான் சாப்பிட்டேன். தாயம்மா இதை ஊர் முழுக்கச் சொன்னாள்.

தையல் பிரித்துப் பார்த்தபோது நன்றாக ஒட்டியிருந்தது. பள்ளம் ஆழமாக, ரோஜா நிறத்தில், அழகாகக்கூட இருந்தது. இன்னும் நாலு மாதம் ஓட்டைக் கழுவி உடனுக்குடன் திரும்ப வைத்துவந்தால் போதும், கண் வைத்துவிடலாம் என்றார்கள்.

அந்த வாரம் சுசீலா வீட்டுக்கு வந்தாள். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தாள். கொஞ்சம் பெருத்திருந்தாள். "அண்ணே, உங்க பார்ட்ட இன்னும் எவனுக்கும் குடுக்கல. கண்ணு வச்சதும் மொத நாடகம் நம்ம ரெண்டு பேரும்தான், சொல்ட்டேன்" என்றாள். அவர் சிரித்தார். உதட்டுப் புண் இழுத்தது, அப்படியும் சிரித்தார். என் கஞ்சிக்கு இரண்டு மாதமாக அவர் சிரித்ததில்லை.

"இன்னாக்கா, அண்ணன ராசா மாறி பாத்துக்கிறியாமே" என்று என் கையைப் பிடித்தாள். சாத்துக்குடி பிழிந்து அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன்.

ஓட்டை எடுத்துவிடலாம்தான். ஆனால் இந்தத் தடவை பெரிய ஓடு, அவருக்கும் பழகிவிட்டது, வாரா வாரம் டாக்டர் பார்க்கிறார். அதனால் யோசித்தேன். அண்டாவில் சுற்றிவிட்டு ஜன்னலில் காயவைத்திருந்த படிகாரத் துண்டு கண்ணில் பட்டது. கன்னத்துக் கீறலை அது எப்படி இறுக்குகிறது என்று தினம் சவரம் செய்துவிட்ட எனக்குத் தெரியாதா? ஆறின தண்ணீரில் கரைத்தேன். அளவாகத்தான். ஓட்டை எடுத்துக் கழுவுகிற சாக்கில் பள்ளத்தையும் தினம் அதில் கழுவினேன்.

முதல் மாதம் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒட்டின தோலில் உணர்ச்சி வந்திருக்காது. அப்புறம் எரிந்தது. "எரியுதும்மே" என்பார். "மருந்துன்னா எரியத்தான் செய்யும்" என்று சொல்லி ஊதிவிடுவேன். ஊதும்போது அவர் தோள் மெல்லத் தளரும். எனக்கு அது பிடிக்கும்.

மூன்றாம் மாதம் ஓரமெல்லாம் வெளுத்து இறுகியது. நாலாம் மாதம் ஓடு நிற்கவில்லை. சிலருக்கு உடம்பு வாகு அப்படி, தழும்பு இழுத்துக்கொள்ளும் என்று அந்த டாக்டர் வருத்தப்பட்டார். நானும் வருத்தப்பட்டேன். அவர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். குமணன்சாவடி தாண்டும்போது என் கைமேல் கையை வைத்தார். பள்ளம் சுருங்கியது அது இரண்டாம் தடவை.

போன வருஷம் யாரோ உங்களைப் பற்றிச் சொல்லி உங்களிடம் வந்தோம். நீங்கள் அவர் தாடையைப் பிடித்து முகத்தைத் தூக்கி, கட்டைப் பிரித்து, டார்ச் அடித்துப் பார்த்தீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், உங்களுக்கு அது வேலை. நான் கவனித்தேன். அவர் நல்ல கண்ணை மூடவில்லை. திறந்து வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றரை வருஷம் என் விரல் பட்டதும் மூடின கண், டாக்டரம்மா. உங்களுக்குக் கண்ணாடி போட்ட முகம், நரைத்த தலை, என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அதெல்லாம் எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஏலக்காய் டப்பாவைத் திறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் இரண்டு கன்னத்துக்குள்ளிருந்தும் தோலெடுத்து ஒட்டினீர்கள். எவ்வளவு நேர்த்தியான வேலை. உங்கள்மேல் எனக்கு அந்த விதத்தில் குறையே இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த களிம்பையும் ஒரு வேளை தவறாமல் வைத்தேன். அதற்கு முன்னால் படிகாரத் தண்ணீர். இந்தத் தடவை துண்டு கொஞ்சம் பெரிது. ஒரு நாள் அவர் முக்காலியின் காலை இறுக்கப் பிடித்துக்கொண்டார், விரல் வெளுத்துவிட்டது. "போதும் பார்வதம்" என்றார். இன்னும் ஒரு தடவைதான் என்று சொல்லி ஊற்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். கண்ணை மட்டும் திறக்கவில்லை.

அந்தத் தோலும் சுருங்கியது. அதுதான் மூன்றாம் தடவை. இப்போது தொடையிலிருந்து தோலெடுத்து வைக்கப்போவதாகவும், வருகிற திங்கட்கிழமையிலிருந்து இரண்டு மாதம் வார்டிலேயே வைத்துக்கொள்வதாகவும், கழுவுவது எல்லாம் நர்ஸ் பார்த்துக்கொள்வாள் என்றும் சொன்னீர்கள். "நீங்க வீட்ல நிம்மதியா இருங்க, நாலரை வருஷமா ஓடாத் தேஞ்சிட்டீங்க" என்றீர்கள். பழைய கண் வீட்டில் இருந்தால் நிறம் பார்க்கக் கொண்டுவரச் சொன்னீர்கள். அதைத் தரமாட்டேன். புதிதாகச் செய்துகொள்ளுங்கள். யாரையாவது எதிரில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். தெரியாமல் செய்தேன் என்றீர்கள். தெரிந்துதான் செய்தேன். ஓட்டை எடுத்து ஒளித்தது நான். உதட்டுத் தோலையும் கன்னத்துத் தோலையும் படிகாரம் ஊற்றிச் சுருக்கியது நான். ஆபரேஷன் செய்தவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை, அவர் உடம்பு வாகிலும் ஒன்றும் இல்லை. நீங்கள் போலீசுக்குச் சொல்வதானாலும் சொல்லுங்கள். படிப்பறிவில்லாதவள் செய்த பிழை என்று மட்டும் காகிதத்தில் எழுதிவிடாதீர்கள்.

நேற்று டீ ஆறுவதற்குள் இன்னொன்றும் சொன்னீர்கள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னீர்கள். இத்தனை வலியைப் பட்டும் திரும்பத் திரும்ப ஏன் ஆபரேஷனுக்கு வருகிறீர்கள், நாடகத்துக்காகவா என்று அவரிடம் ஒரு நாள் கேட்டீர்களாம். அவர் சொன்ன பதிலை ஒரு சொல் விடாமல் எனக்குச் சொல்லிக் காட்டினீர்கள்.

"நாடகமும் வாணாம் ஒண்ணும் வாணாம் டாக்டரம்மா. தெனம் காலைல எங்க ஊட்ல பார்வதம் இந்தப் பள்ளத்தத்தான் பாக்குது. பாக்கறப்ப அது மூஞ்சி எப்டி ஆவுமோன்னு எனக்கு பயம். அதப் பாக்க தெம்பு இல்லாமதான் இந்தக் கண்ண மூடிக்கிறேன். உங்க முன்னால மூட மாட்டேன், உங்களுக்கு இது பழக்கம். ஒரு கண்ண வச்சி உட்டீங்கன்னா, நானும் கண்ணத் தொறந்து அத நேரா பாப்பேன். அவ்ளோதான்."

சொல்லிவிட்டு நீங்கள் உங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. பதின்மூன்று வருஷம் அவரோடு குடித்தனம் செய்திருக்கிறேன், வீட்டில் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் அவர் பேசிக் கேட்டதில்லை. நீங்கள் அவருடைய நாடகம் எதையும் பார்த்ததில்லை, அதனால் நம்பிவிட்டீர்கள். அது வசனம். யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவர் மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறார். பெரிய நடிகர் அவர்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அவர் நடித்த எல்லா நாடகத்தையும் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள் நான். எந்த மேடையிலும் அவர் இவ்வளவு நன்றாக நடித்ததில்லை.